ஜூலை மாதத்து ஐஸ்

வில்ஹோ தன்ஸ்கனென் காலை நனைத்தால் ஜூலை மாதத்திலும் ஏரி உறைந்துவிடும். லும்மெ ஏரிக்கரை உல்லாசத் தளத்தில் கோடையில் ஸ்கேட்டிங் போக முடிவது அதனால்தான். ஊராட்சி அச்சடித்துக் கொடுக்கிற வண்ணத் தாளில் ஏரிக்கு அடியில் ஒரு குளிர் ஊற்று இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அந்தத் தாளில் காபிக் கடை திறக்கும் நேரம் ஒன்றுதான் உண்மை, அதுவும் திங்கட்கிழமைகளில் பொய். படகுத்துறையின் நுனியில் வில்ஹோ உட்கார்ந்து கணுக்கால் வரை தண்ணீரில் விட்டால், அங்கிருந்து, நீந்துகிறவர்கள் ஏறிக் குதிக்கிற கோபுரம் வரைக்கும் நாலு விரற்கடை கனத்துக்கு ஐஸ் பிடிக்கும். காலை எடுத்தால், ஒருவன் நிதானமாகக் காபி குடித்து முடிக்கிற நேரத்தில் உருகிவிடும். மிதவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்கள் நீந்துவார்கள், இந்தப் பக்கம் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஸ்கேட் கட்டிக்கொண்டு சுற்றிவரும். வெளியூர்க்காரர்கள் முதல் நாள் வாயைப் பிளப்பார்கள். இரண்டாம் நாள், ஐஸ் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறதே என்று குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இது தொடங்கியது கரடிமுனையில். ஏரியின் வடகரையில் அந்த முனையில் ஒரு மரக்குடிலும், அதை ஒட்டி, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற ஒரு சின்ன சவுனாவும் இருக்கின்றன. பூட்டு கிடையாது. குளிர்காலத்தில் காலில் சறுக்குக் கட்டை கட்டிப் பனியில் சறுக்கி வருகிறவர்கள், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள், கோடையில் படகில் வருகிறவர்கள், இலையுதிர் காலத்தில் காளான் பறிக்க வருகிறவர்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். வழக்கம் ஒன்றே ஒன்றுதான். கிளம்புகிறவன் அடுத்து வருகிறவனுக்கு இரு கையால் அணைத்துத் தூக்குகிற அளவுக்கு ஒரு அணை விறகு பிளந்து வைக்க வேண்டும், அதன்மேல் பற்றவைப்பதற்குப் பிர்ச் மரப் பட்டையைச் சீவிப் போட வேண்டும், நனையாத தீப்பெட்டியை அடுப்பின்மேல் வைக்க வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் படித்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். குடிலுக்குப் பின்னால் வெட்டிய மரம் எப்போதும் கிடக்கும், கோடரியும் இருக்கும். ஆனால் விரல் விறைத்துப்போய் வருகிறவனால் கோடரியைப் பிடிக்க முடியாது. அவனுக்காகத்தான் அந்த ஒரு அணை.

ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, மீன்பிடிப் போட்டி அன்று, வில்ஹோ அந்த ஒரு அணையை வைக்காமல் கிளம்பிவிட்டான். விடியற்காலையில் கரடிமுனைப் பக்கம் துளை போட்டு, தொடை நீளத்துக்கு ஒரு பெர்ச் மீனைப் பிடித்திருந்தான். அந்த ஏரியில் அப்படி ஒரு பெர்ச்சை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் குடிலுக்குப் போய், இருந்த விறகையெல்லாம் அடுப்பில் போட்டு, சாசேஜ் சுட்டுத் தின்று, காலை நீட்டி உட்கார்ந்தான். வெயில் ஏறிவிட்டதைப் பிறகுதான் பார்த்தான். அக்கரையில் மீனை நிறுக்கத் தொடங்கியிருப்பார்கள். கோடரியைப் பார்த்தான், மீனைப் பார்த்தான். ஒரு நாள்தானே, இந்த நேரத்துக்கு மேல் யார் வரப்போகிறார்கள் என்று பனிவண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். முதல் பரிசு அவனுக்குத்தான். மரம் அறுக்கிற மோட்டார் ரம்பம், ஆரஞ்சு நிறம், பெட்டியோடு. ஒரு கையில் மீனும் ஒரு கையில் ரம்பமுமாக அவன் சிரிக்கிற படம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது.

அவன் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஓய்வா ஹெய்ஸ்கனென் இடுப்பளவு தண்ணீரில் இருந்தான். ஓய்வாவும் வில்ஹோவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வடக்கே காட்டு வழியாகச் சறுக்கி வந்த ஓய்வா, ஓடை வந்து கலக்கிற இடத்தில் ஐஸ் மெலிந்திருந்ததைக் கவனிக்காமல் உள்ளே போய்விட்டான். ஐஸில் போகிறவர்கள் இதற்கென்றே கழுத்தில் தொங்கவிடுகிற ஆணிகளால் ஐஸைக் குத்திக் குத்தி ஏறி வெளியே வந்து, கரடிமுனைக் குடிலுக்குத் தவழாத குறையாக வந்து சேர்ந்தான். தீப்பெட்டி இருந்தது. விறகு இல்லை, பட்டைச் சீவலும் இல்லை. கோடரியை எடுத்துப் பார்த்தான், அது கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. கடைசியில், அவனுடைய அப்பா தாரில் ஊறவைத்துச் செய்து கொடுத்திருந்த சறுக்குக் கட்டைகளை வாசற்படியில் சாய்த்து, அவற்றின்மேல் ஏறி நின்று முறித்து அடுப்பில் போட்டான். தார் ஏறிய மரம், உடனே பிடித்துக்கொண்டது. அதனால் உயிர் மிஞ்சியது. அது எரிந்து முடிந்த பிறகு கட்டையும் இல்லை, நடக்கக் காலும் இல்லை. மறுநாள் காலையில் பாதை சீராக்குகிற இயந்திரத்தோடு வந்த ஆள்தான் அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தான். இடது காலில் மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

யார் செய்தது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. புதுப்பனியில் குடில் வாசலிலிருந்து ஒரே ஒரு வண்டித் தடம்தான் போயிருந்தது, அது நேராகப் பரிசு மேடையில் போய் நின்றது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குத் திட்டத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. படகு கட்டுகிற முளையில் வேறு கயிறு கிடந்தால் திட்டுவார்கள். நாய் ஞாயிற்றுக்கிழமை குரைத்தால் திட்டுவார்கள். பெரிய விஷயம் என்றால்தான் வாயைத் திறக்க மாட்டார்கள். ஓய்வா ஊன்றுகோலோடு திரும்பி வந்த வாரத்தில் வில்ஹோ அவனைக் கடையில் ரொட்டி அலமாரிக்கு முன்னால் பார்த்தான். சொல்ல வேண்டியதைப் பல நாளாகத் தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

"நல்ல பனி" என்றான் ஓய்வா.

"ஆமா, நல்ல பனி" என்றான் வில்ஹோ.

ஓய்வா கறுப்பு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேச்சு அவ்வளவுதான். வில்ஹோ எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து ஒரு பொட்டலம் கடுகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அந்தச் சனிக்கிழமை பொதுச் சவுனாவில் அவன் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்ததும் கற்கள் ஆறிவிட்டன. ரெய்னோ என்ற மரவெட்டி ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினான். சுர்ரென்று எழ வேண்டிய ஆவி எழவில்லை. தட்டில் ஊற்றியதுபோல் தண்ணீர் கல்மேல் அப்படியே கிடந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினான். அதுவும் கிடந்தது.

"கல்லு செத்துப்போச்சுடா" என்றான் ரெய்னோ.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. நகரத்திலிருந்து அடுப்பு பழுது பார்க்கிறவனை வரவழைத்தார்கள். அவன் கல்லையெல்லாம் மாற்றி, குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புல ஒரு குறையும் இல்ல. உங்க ஆளுங்கள்ல எவனுக்கோதான் குறை" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வில்ஹோவை வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவன் வருவதற்கு முன்னால் குளித்து முடித்துவிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் மூட்டின சவுனாவை மத்தியானம் மூட்டினார்கள், பிறகு காலையிலேயே மூட்டினார்கள். விடிவதற்கு முன்னால் ஆண்கள் துண்டும் கையுமாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் வில்ஹோவுக்குப் புரிந்தது. அதன்பின் அவன் போகவில்லை. வீட்டுச் சவுனாவிலும் அதே கதி. அவனுடைய மனைவி ஹில்க்கா சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து பார்த்தாள்.

"யோவ், நீ வெளிய நில்லு" என்றாள் கடைசியில். "நான் குளிச்சிட்டு வர்றேன். அப்புறம் நீ வந்து துணிய நனைச்சுத் தொடைச்சுக்க. இல்லன்னா போய் ஓய்வாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"என்னன்னு சொல்றது?"

"தப்புப் பண்ணிட்டேன்னு."

"அதான் அவனுக்குத் தெரியுமே."

"தெரிஞ்சதையும் சொல்லணும்யா."

வில்ஹோ போனான். ஓய்வா வீட்டு முற்றம் வரைக்கும் போய், நாயைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். அப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறான். அந்த நாய் அவனிடம் மிகவும் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. ஓய்வா ஒரே ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. திட்டு வாங்காத குற்றம் வயிற்றில் வேகாத மாவு மாதிரி கிடந்தது.

சவுனா இல்லாமல் போனதால் அந்தக் கோடையில் ஏரியில் குளிக்கலாம் என்று இறங்கினான். கணுக்காலைச் சுற்றி முதலில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம் ஓடியது. என்ன இது என்று குனிந்து பார்ப்பதற்குள் இறுகிவிட்டது. ஹில்க்கா கடப்பாரையை எடுத்து வந்து உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்த ஒரு பெண் குழந்தை கல்லை எறிந்தது. கல் சறுக்கிக்கொண்டு வெகுதூரம் போனது. மறுநாள் அந்தக் குழந்தை ஸ்கேட்டோடு வந்து நின்றது.

உல்லாசத் தளத்தைக் கவனிக்க ஊராட்சி தம்பெரெ நகரத்திலிருந்து மெர்வி என்ற பெண்ணை அப்போதுதான் வேலைக்கு வைத்திருந்தது. விளையாட்டுத் துறையில் படித்தவள். பேசும்போது கையை ஆட்டிக்கொண்டே பேசுவாள், அப்படிப் பேசுகிறவர்களை இந்த ஊரில் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார்கள். நுழைவாயிலில் 'ஆண்டு முழுவதும் விளையாட்டு' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். உண்மையில் கோடையில் கொஞ்ச காலம் நீச்சல், குளிரில் கொஞ்ச காலம் சறுக்கல், இடையில் மே மாதச் சேறும் நவம்பர் மாதச் சேறும்தான். அந்தப் பலகையை நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் இருந்தவள், வில்ஹோவின் காலைப் பார்த்ததும் ஒரு மெத்தையோடு வந்தாள்.

"வில்ஹோ அண்ணே, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்தாப் போதும்."

"இது எதுக்கு உறையுதுன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?" என்றாள் மெர்வி. அவளுக்குத் தெரியும். வந்த வாரமே யாரோ சொல்லியிருந்தார்கள்.

வில்ஹோ ஒத்துக்கொண்டது ஊர்மேல் உள்ள பாசத்தால் இல்லை. யாராவது ஒருவர் தனக்கு ஒரு தண்டனை கொடுக்க மாட்டார்களா என்று காத்திருந்தான். மெத்தையோடு வந்தாலும் தண்டனை தண்டனைதானே என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து மே முதல் நவம்பர் வரை அவன் துறையின் நுனியில் உட்கார்ந்தான். குளிர் வந்து ஏரி தானாக உறைந்ததும் வீட்டுக்குப் போனான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பேருந்துகள் வந்தன. காபிக் கடைக்காரி ஏலக்காய் ரொட்டிக்கு இரண்டாவது அடுப்பு வாங்கினாள். பல்கலைக்கழகத்திலிருந்து வெப்பமானிகளோடு வந்தவர்கள் தண்ணீரை அளந்தார்கள், அவனுடைய பாதத்தை அளந்தார்கள். பாதம் கதகதப்பாக இருந்தது. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் குளிர் ஊற்று என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு பத்திரிகைக்காரன் கேட்டதற்கு, "மீன்" என்றான் வில்ஹோ. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நேர் எதிரே தெரிவது கரடிமுனை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் ரெய்னோ பக்கத்தில் வந்து நின்று, தன் மாமியார் பனிவண்டி ஓட்டப் பழகின கதையைச் சொன்னான். வில்ஹோ தன்னை மறந்து சிரித்துவிட்டான். துறையிலிருந்து கோபுரம் வரைக்கும் ஐஸ் துப்பாக்கிச் சத்தம் மாதிரி விரிசல் விட்டது. இரண்டு ஸ்வீடன்காரர்கள் முழங்கால்வரை உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு வில்ஹோவின் பக்கத்தில் யாரும் வேடிக்கையாகப் பேச வேண்டாம் என்று மெர்வி எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டாள். இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். ஓய்வா நொண்டிக்கொண்டு கரையில் நடந்து போகிற நாட்களில் ஐஸ் ஆறு விரற்கடைக்குக் கூடியது. ஓய்வாவுக்குக் காட்டு வேலை முடியாமல் போய்விட்டதால், ஸ்கேட் வாடகைக் கடையை ஊராட்சி அவனுக்குக் கொடுத்திருந்தது. வாகனம் நிறுத்துகிற இடத்தின் ஓரமாக இருந்த அந்தக் கடையை அடுத்த வசந்தத்தில் தூக்கிக்கொண்டு வந்து, துறைக்கு நேர் எதிரே, வில்ஹோவின் கண் படுகிற இடத்தில் வைத்தார்கள். கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் எதிர்க்கவும் இல்லை. தூக்குவதற்குப் போன எட்டுப் பேரும், கடை கனம் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்படி ஆண்டுகள் போயின. ஒவ்வொரு நாள் காலையிலும் கடையைத் திறக்கும்போது ஓய்வா தலையை அசைப்பான், "நல்ல வெயில்" என்பான். "ஆமா, நல்ல வெயில்" என்பான் வில்ஹோ. பிறகு ஓய்வா குந்தி உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஸ்கேட் நாடாவைக் கட்டிவிடுவான். எழுந்திருக்கும்போது இடது காலை ஊன்றாமல் எழுவான். அந்த ஒரு அசைவுக்காகவே அந்தக் கடையை அங்கே வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் வில்ஹோ வீட்டுக்குப் போகாமல் படகை எடுத்துக்கொண்டு கரடிமுனைக்குப் போவான். விறகு பிளப்பான். பரிசாகக் கிடைத்த ரம்பம் பெட்டி பிரிக்காமல் கொட்டகையில் கிடந்தது, கோடரியால்தான் பிளந்தான். பிளந்ததைக் குடில் சுவரோரமாக அடுக்கினான். அது கூரை விளிம்பு வரை வந்ததும் அடுத்த சுவருக்குப் போனான். வருகிறவர்கள் எடுத்து எரித்தார்கள், ஆனால் அவன் பிளக்கிற வேகத்துக்கு யாராலும் எரிக்க முடியவில்லை. சன்னல்கள் மறைந்தன, முன்கட்டு நிறைந்தது. சவுனாவும் குடிலும் ஒரே மேடாகிப்போயின. கடைசியில் ஒரு இலையுதிர் காலத்தில், வாசலுக்கு நடந்துபோக விட்டிருந்த இடைவெளியையும் அடுக்கி மூடிவிட்டான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு துண்டு கூட வைத்தால் நெஞ்சில் ஒரு துண்டு குறையும் என்றுதான் தோன்றியது. அந்தக் குளிரில் ஏரியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி முளைத்த ஒரு விறகு மலைதான் தெரிந்தது. அங்கே ஒரு குடில் இருந்ததையே வெளியூர்க்காரர்கள் அறியவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஓய்வா கரடிமுனைக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அங்கே போவது அதுதான் முதல் தடவை. எதற்குப் போனான் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்று பிற்பாடு சொன்னான், நம்பிக்கொள்ள வேண்டியதுதான். விரல் இல்லாத இடது பூட்ஸ் நுனிக்குள் கம்பளியைத் திணித்துக்கொண்டு, கடையில் வாங்கின புதுக் கட்டைகளில் சறுக்கிப் போனான். பாதி வழியில் காற்று எழுந்து பனி வீச ஆரம்பித்தது. மாலை மங்குவதற்கு முன் வில்ஹோவின் வீட்டுக் கதவை யாரோ சறுக்குக் கோலால் இடித்தார்கள். ஹில்க்கா திறந்தாள். தாடி முழுக்கப் பனி ஒட்டிக்கொண்டு ஓய்வா நின்றான். அவளைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தான்.

"டேய் வில்ஹோ! கதவ எங்கடா வச்ச?"

வில்ஹோ காபிக் கோப்பையோடு எழுந்தான். "எந்தக் கதவு?"

"குடிலோட கதவுடா! சுத்திச் சுத்தி வர்றேன், கெழக்க வெறகு, மேக்க வெறகு, சன்னல்ல வெறகு. பொகபோக்கிய மட்டும் எதுக்குடா விட்டு வச்ச, அதுலயும் சொருக வேண்டியதுதான?"

ஹில்க்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு வந்தேன், கதவு இருந்துச்சு, வெறகு இல்ல. இன்னிக்கு வர்றேன், வெறகு இருக்கு, கதவ காணோம். நான் எப்பத்தான்டா உள்ள போறது, நீயே சொல்லு! மூளைய அந்த மீனுக்குக் குடுத்திட்டு அதோட வயித்துல இருந்தத வாங்கித் தலையில வச்சுக்கிட்டியா?"

அன்னிக்கு என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளில் இந்த ஊரில் யாரும் வில்ஹோவின் முன்னால் சொன்னதில்லை. அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இன்னும் திட்டு" என்றான்.

"என்னது?"

"நிறுத்தாத. திட்டு."

ஓய்வா திட்டினான். அவன் திட்டியதையெல்லாம் எழுத முடியாது, ஹில்க்கா காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள் என்பது மட்டும் போதும். வில்ஹோவின் மீனையும், ரம்பத்தையும், பத்திரிகைப் படத்தில் அவன் சிரித்த சிரிப்பையும், அவனுடைய பாட்டன் காலத்துச் சோம்பேறித்தனத்தையும் இழுத்து வைத்துத் திட்டினான். எரித்துப்போட்ட கட்டைகளை அப்பா எந்த மரத்தில் செய்தார் என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். ஹில்க்கா ஏலக்காய் ரொட்டியை முன்னால் நகர்த்தினாள்.

"ஏன்டா இத்தனை வருசம் சும்மா இருந்த?" என்று கேட்டான் வில்ஹோ.

"திட்டிட்டா தீந்துபோயிடும்ல. மூணு வெரலுக்கு அவ்வளவு சுளுவா உன்ன விட எனக்கு மனசு வரல." ஓய்வா ரொட்டியைக் காபியில் முக்கினான். "அப்புறம் கடை வந்துச்சு. ஐஸ் உருகிட்டா கடையும் போயிடும். உன் எதிர்ல ஒக்காந்து, காலை இழுத்து இழுத்து நடந்து சம்பாதிச்சேன்டா. அதுல எனக்கும் வெக்கம்தான்."

"நெசமாவே வலிக்கலையா கால்?"

"பாதி நாள் வலிக்கும். பாதி நாள் மெர்விக்காக."

வில்ஹோ சன்னலைப் பார்த்தான், ஹில்க்காவைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தப்புப் பண்ணிட்டேன்டா."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். தெரிஞ்சதையும் சொல்லணும்னு இவ சொன்னா."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பனிவண்டியின் பின்னால் இழுவைப் பலகையைக் கட்டிக்கொண்டு கரடிமுனைக்குப் போய்க் கதவைத் தேட ஆரம்பித்தார்கள். விறகை ஏற்றிக்கொண்டு ஐஸ்மேல் வருவதை ஊர் சன்னல் வழியாகப் பார்த்தது. மத்தியானத்துக்குள் ரெய்னோ தன் வண்டியோடு வந்தான். பிறகு கடையைத் தூக்கிய எட்டுப் பேரும் வந்தார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. ஆளுக்கு ஒரு பாரம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், திரும்ப வந்தார்கள். அந்தக் குளிர் முழுக்க ஊரில் எல்லா அடுப்பிலும் வில்ஹோவின் விறகுதான் எரிந்தது. நன்றாகவே எரிந்தது. நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. ரெய்னோ மட்டும் பழைய பத்திரிகையில் சுற்றின ஒரு மீனை வில்ஹோ வீட்டுப் படியில் வைத்துவிட்டு, கூப்பிடுவதற்கு முன் போய்விட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது ஊராட்சியின் வண்ணத் தாள் மாதிரி ஆகிவிடும். அந்தக் கோடையிலும் வில்ஹோ காலை நனைத்ததும் ஏரி உறைந்தது. ஆனால் ஐஸ் இரண்டு விரற்கடைக்கு மேல் கனக்கவில்லை. பிள்ளைகளைத் தாங்கியது. பெரியவர்கள் கால் வைத்தால் உடைந்தது. மெர்வி கலங்கிப்போய்த் துறையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மனசு கொஞ்சம் லேசாயிடுச்சா?"

"கொஞ்சம்."

"ரொம்ப லேசாக விட்டுறாதீங்கண்ணே. சீசன் நடக்குது." சொல்லிவிட்டு அவளே முகம் சிவந்து, கையை ஆட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவன் பார்க்கிற திசையில் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பலகையில் 'சிறுவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்ந்தது. ஓய்வா பெரிய ஸ்கேட்டுகளையெல்லாம் கொட்டகைக்குள் போட்டுவிட்டு, கடையைப் பழையபடி வாகனம் நிறுத்துகிற இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னான். அதே எட்டுப் பேர்தான் தூக்கினார்கள். இப்போது கனம் குறைந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கரடிமுனைச் சவுனாவுக்குப் போகிறார்கள். முதல் தடவை போனபோதுதான் வில்ஹோ அந்தக் காலைப் பார்த்தான். அத்தனை ஆண்டுகளாகப் பூட்ஸுக்குள்தான் பார்த்திருந்தான். ஓய்வா அதைத் தூக்கிப் பலகைமேல், அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாத்துக்க. அழகா இல்லதான்."

வில்ஹோ பார்த்தான். பார்வையை எடுக்கவில்லை. ஓய்வா ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினான். சத்தம் வரவில்லை, தண்ணீர் அப்படியே கிடந்தது. சுவரில் மெல்லிசாக வெண்பனி பூத்தது. ஓய்வா கம்பளித் தொப்பியை எடுத்துக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னொரு கரண்டி ஊற்றினான்.

இன்றைக்கும் அப்படித்தான். அடுப்பு முழுக்க நெருப்பு எரிகிறது, கல் குளிர்ந்து கிடக்கிறது, அம்மணமாக இரண்டு கிழவர்கள் தலையில் தொப்பியோடு பல் நடுங்க உட்கார்ந்து மீனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊரில் யாருக்கும் அது விசேஷமாகத் தெரிவதில்லை. கிளம்பும்போது வில்ஹோ விறகு பிளக்கிறான். ஒரு அணை சேர்ந்ததும் வாசலில் நிற்கிற ஓய்வா கோடரியை வாங்கிக்கொள்கிறான். "போதும். இதுக்கு மேல ஒரு சுள்ளி வச்சேன்னா கைய ஒடிப்பேன்." வில்ஹோ பிர்ச் பட்டையைச் சீவி மேலே போட்டு, தீப்பெட்டியை ஒருமுறை குலுக்கிப் பார்த்து, அடுப்பின்மேல் வைக்கிறான்.